துருவ ஒளியும் கோப்பாயின் வானொலி இரவுகளும்

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்றாயிற்று. அந்த ஆண்டுகளில் கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய் என்று ஊர் ஊராக மக்கள் செய்தி கேட்ட விதம் குடாநாட்டில் வாழ்ந்த எல்லோருக்கும் தெரியும். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சில்லோடு டைனமோவைப் பொருத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் வானொலியைச் சூழ்ந்து இருந்து கேட்பார்கள். சைக்கிள் டைனமோவின் அளவு ஆறு வோல்ற்று. நான்கு பற்றறி போடும் சிறிய வானொலிக்கும் வேண்டியது அதே ஆறு வோல்ற்று. டைனமோ தருவது ஆடலோட்டம் ஆகையால் இடையில் டயோட்டு வைத்து அதை நேரோட்டமாக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டுக் கேட்டது பிபிசி தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் போன்ற சிற்றலை ஒலிபரப்புகளை. இந்த வழக்கத்தைப் பற்றி எழுதுவோர் போரை எழுதுகிறார்கள், பொருளாதாரத் தடையை எழுதுகிறார்கள், மக்களின் கெட்டித்தனத்தை எழுதுகிறார்கள். ஒலி வந்த வழியை எவரும் எழுதுவதில்லை. அந்த வழி தரைக்கு மேலே நூறு கிலோமீற்றர் முதல் நானூறு கிலோமீற்றர் வரையான வானத்தில் இருந்தது. அதைக் குலைக்கக்கூடிய ஆற்றல்களில் ஒன்று, வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் பச்சையாகவும் சிவப்பாகவும் எரியும் துருவ ஒளியோடு சேர்ந்தே வருகிறது. ஆகவே துருவ ஒளியை ஒருநாளும் கண்டிராத கோப்பாயின் வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வானொலி அலை நேர்கோட்டில் போகும்; பூமியோ வளைந்தது. அப்படியிருக்க 1901இல் மார்க்கோனியின் சைகை அத்திலாந்திக் கடலைத் தாண்டியது எப்படி என்ற கேள்விக்கு, மேல்வானத்தில் மின்கடத்தும் படை ஒன்று இருக்க வேண்டும் என்று 1902இல் கெனலியும் ஹெவிசைட்டும் விடை சொன்னார்கள். 1924இல் அப்பிள்ரன் அதைப் பரிசோதனையால் நிறுவினார். சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மெல்லிய காற்றின் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரித்தெடுப்பதால் உண்டாகும் இந்த அயனமண்டலம் உலகின் எல்லாப் பகுதிக்கும் உண்டு. ஆனால் கோப்பாயின் மேலே அது நடந்துகொள்ளும் விதம் வேறு. காந்த ஊசி மேலும் சாயாமல் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் காந்த மத்திய கோடு இலங்கைக்கு ஊடாகவே போகிறது. கோப்பாய் அதற்கு வடக்கே சில பாகைக்குள் இருக்கிறது. காந்தப்புலம் கிடையாக இருக்கும் இந்தக் குறுகிய பட்டையில், பகல் வேளையில், ஏறத்தாழ 105 கிலோமீற்றர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னாறு ஓடுகிறது. கோட்டின் இரு புறமும் மூன்று பாகை அளவுக்குள் அடங்கும் அதில் பாய்வது பல பத்தாயிரம் அம்பியர். அந்த ஓட்டத்தை ஓட்டும் அதே மின்புலம் அயனமண்டலத்தின் மேற்படையிலுள்ள இலத்திரன்களை இன்னும் மேலே தூக்கி, காந்தக்கோடுகள் வழியே வடக்கும் தெற்குமாக வழியவிடுகிறது. காந்த மத்திய கோட்டின் மேலே செறிவு குறைந்து, இரு புறமும் பதினைந்து பாகை அளவில் செறிவு மிகுந்திருப்பதை அப்பிள்ரன் 1946இல் காட்டினார். இலத்திரன்கள் காந்தக்கோடுகள் வழியே பரவுவதுதான் காரணம் என்று அதே ஆண்டில் எழுதியவர் கல்கத்தாவின் எஸ். கே. மித்ரா.

பொழுது பட்டபின் நடப்பது இன்னும் முக்கியமானது. சூரியன் மறையும் நேரத்தில் இப்பகுதியின் மேற்படை விரைந்து உயரும். அதன் அடிப்புறம் நிலைகுலைந்து, இலத்திரன் குறைந்த வெற்றிடங்கள் குமிழ்களாக மேலெழும். அவற்றை ஊடறுக்கும் வானொலி அலை நடுங்கும்; குரல் மெலிந்து, கரகரத்து, சில கணங்களில் மீண்டும் தெளியும். நம் பகுதியில் பங்குனி, சித்திரையிலும் புரட்டாதி, ஐப்பசியிலும் இது கூடுதல். மக்கள் செய்தி கேட்க இருந்ததும் இதே முன்னிரவு வேளையில்தான். ஆகவே உலகத்தின் மிகவும் அமைதியற்ற அயனமண்டலப் பகுதிகளில் ஒன்றின் கீழே இருந்துகொண்டுதான் யாழ்ப்பாணம் தன் செய்தியைத் தேடியது என்று சொல்வது மிகையல்ல.

இந்தக் கண்ணுக்குத் தெரியாத வானத்தை நம் அயலில் அளக்கத் தொடங்கி நெடுங்காலம் ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வானியல் பஞ்சாங்கமும் கிரகணமும் சார்ந்ததாக இருந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்பித்த ஹொய்சிங்ரனின் நூலும் அந்தக் கணக்குகளையே ஆராய்ந்தது. பாக்கு நீரிணைக்கு அப்பால் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. சுவாதித் திருநாள் காலத்தில் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு 1852இல் பொறுப்பேற்ற ஜோன் அலன் புறவுண், காந்த ஊசியின் மிகச் சிறிய அசைவுகளையும் மணிக்கு மணி பதிவு செய்வித்தார். உயரம் கூடினால் அசைவு மாறுகிறதா என்று அறிய, அகத்திய முனிவரோடு சேர்த்து நாம் சொல்லும் பொதிகை மலைத்தொடரின் அகத்தியமலை உச்சியில், ஆறாயிரம் அடிக்கு மேலே, 1855இல் ஓர் அவதான நிலையமே அமைத்தார். காந்தக் குழப்பங்கள் உலகம் முழுவதிலும் ஒன்றாகவே எழுகின்றன என்பதும், ஏறத்தாழ 26 நாளுக்கு ஒருமுறை, அதாவது சூரியன் தன்னைத் தானே ஒருமுறை சுற்றும் காலத்தில், திரும்ப வருகின்றன என்பதும் அவருடைய பதிவுகளிலிருந்து தெளிந்தன. காந்த மத்திய கோட்டுக்கு அருகே உட்கார்ந்து எடுத்த முடிவு இது.

பம்பாயின் கொலாபா அவதான நிலையம் இன்னும் வலுவான சான்றைத் தருகிறது. 1859 செப்ரெம்பர் 2இல், வரலாற்றில் அறியப்பட்ட மிகப் பெரிய காந்தப்புயல் அடித்தபோது, அங்கே கிடைக் காந்தவிசை ஏறத்தாழ 1600 நானோரெஸ்லா வீழ்ந்தது. துருவத்திலிருந்து அவ்வளவு தொலைவில் அவ்வளவு பெரிய வீழ்ச்சி ஏன் என்பது இன்றும் விவாதத்தில் உள்ளது. பூமியைச் சுற்றி ஓடும் வளைய மின்னோட்டமே காரணம் என்பது ஒரு சாராரின் முடிவு. துருவப் பகுதியிலிருந்து வரும் மின்னோட்டங்கள் தெற்கே இறங்கி வந்ததன் அடையாளம் அது என்பது மறுசாராரின் முடிவு. எது சரியானாலும் வெப்ப நாடுகளின் வானம் தனித்து நிற்கவில்லை என்பது உறுதி. 1872 பெப்ரவரி 4இன் புயலில் பம்பாயிலிருந்தே துருவ ஒளி காணப்பட்டதாகப் பதிவு உண்டு. பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடைப்பட்ட கடலடித் தந்திக் கம்பியும் அப்போது மணிக்கணக்காகக் குழம்பியது. கொலாபாவின் கருவிகள் எவ்வளவு நுண்ணியவை என்றால், நகரத்தில் மின்சார ட்ராம் வரப்போகிறது என்றதும் காந்தப் பதிவை அலிபாக்குக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

இனி வடக்கே போவோம். ஒளியை உண்டாக்குவது எது என்பதை முதலில் சரியாக ஊகித்தவர் நோர்வேயின் கிறிஸ்ரியன் பேர்க்லண்ட். இலத்திரன் என்ற துணிக்கையை ஜே. ஜே. தொம்சன் 1897இல் இனங்காண்பதற்கு ஓராண்டு முன்னரே, சூரியனிலிருந்து வரும் கதோட்டுக் கதிர்கள் பூமியின் காந்தத்தால் துருவங்களுக்கு இழுக்கப்படுகின்றன என்று அவர் சொன்னார். வெற்றிடப் பெட்டிக்குள் காந்தம் வைத்த சிறு உலோகக் கோளம் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் மேல் அந்தக் கதிர்களைப் பாய்ச்சி, இரு துருவங்களைச் சுற்றியும் ஒளிவளையம் உண்டாவதைக் காட்டினார். அல்தாவுக்கு அருகே ஹால்டே மலையுச்சியில் அவதான நிலையம் அமைத்தார். துருவ ஒளியோடு சேர்ந்து மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் மின்னோட்டங்கள் பாய்கின்றன என்ற அவருடைய முடிவை சிட்னி சப்மன் போன்ற பெரிய அறிஞர்கள் பல பத்தாண்டுகள் ஏற்கவில்லை. காந்த மத்திய கோட்டின் மின்னாற்றுக்கு 1951இல் பெயரிட்ட அதே சப்மன்தான் அவர். 1950களின் இறுதியில் கனடாவின் சேர்ச்சில் தளத்திலிருந்து ஏவப்பட்ட ரொக்கெற்றுகளில் கார்ல் மக்கில்வெயின் வைத்த கருவிகள், ஒளியை உண்டாக்குபவை ஆயிரக்கணக்கான இலத்திரன் வோல்ற்று சக்தி கொண்ட இலத்திரன்களே என்று காட்டின. 1960களிலும் 1970களிலும் செய்மதிகள் பேர்க்லண்டின் மின்னோட்டங்களை நேரடியாக அளந்தன. இன்று அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன.

அத்தகைய இலத்திரன் ஒன்றைப் பின்தொடர்ந்து பார்த்தால் அது மேல்வளிமண்டலத்துக்குச் செய்வது விளங்கும். பத்தாயிரம் இலத்திரன் வோல்ற்றோடு இறங்கும் ஓர் இலத்திரன், காற்று மூலக்கூறுகளில் மோதி ஒவ்வோர் அயன் சோடியையும் உண்டாக்க ஏறத்தாழ 35 இலத்திரன் வோல்ற்றைச் செலவிடுகிறது. அதாவது நூறு கிலோமீற்றர் உயரத்தை அண்டி நிற்பதற்குள் ஏறத்தாழ முந்நூறு அயன் சோடிகளை உண்டாக்கிவிடுகிறது. வழியில் கிளர்ச்சியடையும் ஒட்சிசன் அணு 557.7 நானோமீற்றரில் பச்சை ஒளியை விட ஒரு செக்கன் கூட எடுப்பதில்லை. 630 நானோமீற்றர் சிவப்பை விட அதற்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் வேண்டும். கீழே காற்று அடர்ந்திருப்பதால் அதற்குள் வேறொரு மூலக்கூறு மோதி அந்தச் சக்தியைப் பறித்துவிடும். ஆகையால்தான் சிவப்பு 200 கிலோமீற்றருக்கு மேலே மட்டும் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியும் இந்த ஒளி, இலத்திரன்கள் செய்யும் வேலையில் சிறிய பங்குதான். நைதரசன் மூலக்கூறுகள் உடைந்து நைத்திரிக் ஒட்சைட்டு உண்டாகிறது. 1998இல் ஏவப்பட்ட சிறு செய்மதியான ஸ்னோ, துருவ ஒளி வலுக்கும் நாள்களில் அந்த வாயு கூடுவதை அளந்து காட்டியது. இன்னும் சக்தி மிக்க, இலட்சம் இலத்திரன் வோல்ற்றையும் தாண்டும் இலத்திரன்கள் எழுபது, அறுபது கிலோமீற்றர் வரை இறங்குகின்றன. அங்கே அவை உண்டாக்கும் ஐதரசன் ஒட்சைட்டுகள் ஓசோனை அழிக்கின்றன. 60 முதல் 80 கிலோமீற்றர் உயரத்தில், குறுகிய காலத்துக்கு, 90 சதவீதம் வரை ஓசோன் குறைந்ததை 2014இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. துருவத்தின் நீண்ட குளிர்கால இருளில் நைத்திரிக் ஒட்சைட்டு அழியாமல் மெல்லக் கீழிறங்கி, நாம் சாதாரணமாகப் பேசும் ஓசோன் படையையும் தொடுகிறது. இவை எல்லாவற்றிலும் நமக்கு நெருக்கமான விளைவு வேறு: இலத்திரன்கள் உண்டாக்கும் அயன்கள் துருவ வானத்தை நல்ல மின்கடத்தியாக்குகின்றன, அதன் வழியே பேர்க்லண்டின் மின்னோட்டங்கள் பாய, காற்று சூடேறி விரிகிறது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். இந்த இலத்திரன்கள் காந்தக்கோடுகளைப் பற்றிக்கொண்டு அறுபத்தைந்து, எழுபது பாகைக் காந்த அகலக்கோட்டில் இறங்குபவை. கோப்பாயின் மேலே காந்தக்கோடுகள் கிடையாகக் கிடப்பதால் அவை இங்கே இறங்க வழியே இல்லை. பிறகு அவற்றுக்கும் நமக்கும் என்ன தொடர்பு? மறுப்பின் முதற்பாதி முழுவதும் சரி. துருவ ஒளியின் இலத்திரன் ஒன்றுகூட யாழ்ப்பாணத்தின் மேல் விழுவதில்லை. ஆனால் அவற்றின் விளைவு வேறு மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது மின்புலம். துருவப் பகுதியின் காந்த அசைவுகளும் காந்த மத்திய கோட்டின் காந்த அசைவுகளும் ஒரே நேரத்தில் ஒத்தெழுவதை ஜப்பானியரான நிஷிடா 1968இல் காட்டினார். துருவ வானத்தின் மின்புலம் நிமிடக் கணக்கில் இங்கே எட்டுகிறது. இரண்டாவது அலை. சூடேறிய துருவக் காற்று எழுப்பும் அமுக்க அலை செக்கனுக்கு 600 மீற்றர் அளவில் தெற்கே வருகிறது. அறுபது பாகைத் தூரம், அதாவது ஏறத்தாழ 6,700 கிலோமீற்றர், அதற்கு மூன்று மணி நேரப் பயணம். மூன்றாவது காற்றோட்டம். சூடேறிய பகுதியிலிருந்து வீசும் காற்று பல மணி நேரத்துக்குப் பின் அயனமண்டலத்தில் புதிய மின்புலம் ஒன்றை உண்டாக்குகிறது என்று பிளாங்கும் ரிச்மண்டும் 1980இல் விளக்கினார்கள். அந்தப் புலம் பகலில் நம் மின்னாற்றுக்கு எதிர்த்திசையில் நிற்கும். அதனால் மின்னாறு மெலியும், சில வேளை மேற்கு நோக்கித் திரும்பியும் ஓடும். மாலையில் மேற்படை உயர்வது தடைப்பட்டு, வழக்கமான குமிழ்கள் எழாமலே போகும். புயலின் மின்புலம் வரும் நேரம் அந்தி வேளையாக அமைந்துவிட்டாலோ, குமிழ்கள் பன்மடங்கு வலுக்கும்.

இந்த இரு வானங்களையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்ற உணர்வு ரொக்கெற் யுகத்தின் தொடக்கத்திலேயே இருந்தது. 1962 ஓகஸ்ற் 18இல் நோர்வேயின் அந்தோயாத் தீவிலிருந்து முதல் ரொக்கெற் துருவ ஒளியின் வானத்துக்குப் போனது. பதினைந்து மாதம் கழித்து, 1963 நவம்பர் 21இல், திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள தும்பாவிலிருந்து முதல் ரொக்கெற் காந்த மத்திய கோட்டின் வானத்துக்குப் போனது. தும்பா மீனவர் ஊர். மரிய மதலேனாள் தேவாலயமே அங்கே ஆய்வுக்கூடமாயிற்று. ரொக்கெற்றின் பாகங்கள் சைக்கிளில் போயின. விக்ரம் சாராபாய் அந்த இடத்தைத் தேர்ந்ததன் முதற்காரணம் மேலே ஓடும் மின்னாறு. கோப்பாயிலிருந்து கடல் கடந்து சில நூறு கிலோமீற்றர் தொலைவில், நம்முடைய அதே வானத்தை உலகம் இப்படித் தேடி வந்தது.

இரண்டாவது மறுப்பு வரலாற்றாசிரியர்களிடமிருந்து வரும். 1990களில் யாழ்ப்பாணத்தில் வானொலி கேட்காமற் போனதற்குக் காரணம் போரா, வானமா? பெடலைச் சுற்றுபவர் களைத்தாலும் ஒலி தேயும். அலைக்கம்பி தாழ்ந்திருந்தாலும் தேயும். காந்தப்புயலோ ஆண்டில் சில நாள்களில்தான் வரும். இந்த எச்சரிக்கையை ஏற்கவேண்டும். அன்றாடத் தேய்வின் பெரும்பகுதி அந்தி வேளைக் குமிழ்களாலும் கருவிகளின் எளிமையாலும் வந்தது. ஆனாலும் அந்த ஆண்டுகள் சூரியனின் உச்சக் காலத்தோடு ஒத்து வந்தன என்பதை விட்டுவிடவும் முடியாது. 1989 மார்ச் 13இன் புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அறுபது இலட்சம் பேரை ஒன்பது மணி நேரம் இருளில் வைத்தது. 1991 மார்ச்சிலும் நவம்பரிலும் மீண்டும் பெரும் புயல்கள் வந்தன. டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட இரவுகளில் சில அந்தப் புயல்களின் இரவுகளே. சில இரவுகளில் குரல் குலைந்திருக்கும், சில இரவுகளில் வழக்கத்தைவிடத் தெளிந்திருக்கும். மேலே சொன்ன மூன்று வழிகளும் எதிர் எதிராக வேலை செய்பவை. வாதம் இவ்வளவே: போர் ஒரு காரணம், வானம் இன்னொரு காரணம், ஒன்றை எழுதி மற்றதை விட்டால் வரலாறு குறையாகும்.

மூன்றாவது மறுப்பு இன்றைய வாசகருடையது. தமிழோசையின் வானொலி 2017 ஏப்ரல் 30ஓடு நின்றுவிட்டது. இனி இந்தக் கதை எதற்கு? சிற்றலை போனாலும் அதே வானத்தின் ஊடாகத்தான் செய்மதிச் சைகைகள் இறங்குகின்றன. கடலுக்குப் போகும் மீனவர் கையில் வைத்திருக்கும் ஜிபிஎஸ் கருவியின் கணக்கு அந்திக் குமிழ்களால் பிழைக்கும். 2022 பெப்ரவரியில் மிதமான புயல் ஒன்று மேல்வளிமண்டலத்தை வீங்கச் செய்ததால், அப்போதுதான் ஏவப்பட்ட 49 ஸ்ரார்லிங்க் செய்மதிகளில் ஏறத்தாழ நாற்பது எரிந்து வீழ்ந்தன. 2024 மே மாதப் புயலில் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. அங்குள்ள அவதான நிலையத்தை நடத்துவது, கொடைக்கானல் நிலையத்தையும் நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம். கொடைக்கானலிலோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே காந்தப் பதிவு உண்டு.

நம்மவரின் வாழ்க்கையும் இதற்குள் இரு முனையிலும் விரிந்து கிடக்கிறது. 1956இல் நோர்வே சென்ற அன்ரனி இராஜேந்திரம் யாழ்ப்பாணத்தில் சீநோர் என்ற மீன்பிடி நிறுவனத்தைத் தொடங்கி வைத்தார். 1980களில் குடாநாட்டை விட்டுப் போன பலர், வடநோர்வேயின் பின்மார்க் கரையோர மீன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். துருவ ஒளி வளையத்தின் நேர் கீழே இருக்கும் ஊர்கள் அவை. ஊரில் தாய் தகப்பன் காந்த மத்திய கோட்டின் அருகே செய்தி கேட்க, பிள்ளைகள் இலத்திரன்கள் இறங்கும் வானத்தின் கீழே இரவு வேலை செய்தார்கள். இரண்டையும் இணைக்கும் மின்புலம் ஒன்றே. இவ்வளவு நெருக்கமாக இந்த அறிவியலோடு கட்டுண்ட சமூகம் உலகில் அதிகம் இல்லை.

ஆகவே செய்ய வேண்டிய வேலை தெளிவானது. பூமியின் காந்தக் குழப்பத்தை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மதிப்பிடும் சுட்டெண் 1932 முதல் தொடர்ந்து இருக்கிறது. காந்தப்புயல்களின் வலுவை மணிக்கு மணி காட்டும் இன்னொன்று 1957 முதல் இருக்கிறது. வானத்தின் பக்கத்துக் கணக்கு தயாராகவே உள்ளது. மனிதர் பக்கத்துக் கணக்குத்தான் சேரவில்லை. எந்த இரவில் தமிழோசை கேட்டது, எந்த இரவில் கேட்கவில்லை என்று நாட்குறிப்பிலோ கடிதத்திலோ எழுதி வைத்தவர்கள் குடாநாட்டிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருந்தால், அந்தக் குறிப்புகளைத் திரட்டி நாளுக்கு நாள் சுட்டெண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்களைப் பயிற்றி அனுப்பும் கோப்பாயின் ஆசிரியர் கலாசாலைக்கும், பக்கத்துத் திருநெல்வேலியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறைக்கும் கைக்கெட்டும் ஆய்வு இது. செலவு குறைவு, தேவை பொறுமை. ஒப்பீடு இக்கட்டுரையின் வாதத்தை உறுதிப்படுத்தலாம், மறுக்கவும் செய்யலாம். எப்படி முடிந்தாலும், துருவ ஒளியைத் தூர தேசத்து அதிசயமாக மட்டும் படித்த பிள்ளைகள், தங்கள் ஊருக்கு மேலேயும் அதன் விளைவு ஓடுகிறது என்பதைச் சொந்த ஊரின் பதிவுகளைக் கொண்டே அளக்கக் கற்றுக்கொள்வார்கள். அந்தக் குறிப்புகளை எழுதியவர்களுக்கு வயதாகிவிட்டது. தொடங்குவதானால் இப்போதே தொடங்க வேண்டும்.